ராக்காயியின் உறைமண்

அன்புள்ள மகனுக்கு,

பதுளையிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீ அனுப்பிய கட்டுரையின் பிரதி வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அதை அச்சுக்கு அனுப்பும் முன் என் சம்மதம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் எழுதக்கூடிய விஷயம்தான். ஒன்பது நாளாக அந்த ஒரு வரி எனக்கு வரவில்லை. எதையும் வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே சொல்ல வேண்டியவற்றை முதலில் தனித்தாளில் குறித்துக்கொண்டேன். அதை அப்படியே இங்கே பெயர்த்து எழுதுகிறேன்.

1. மண்ணில் வாழும் நல்ல கிருமிகளைக் கொண்டு நாற்றுகளின் கழுத்தழுகலைத் தடுக்கலாம் என்பதை முதலில் கண்டது நான் அல்ல.
2. மண்ணை வறுக்கச் சொல்லி ஒரு தோட்டத்தின் நாற்றுமேடைகளை அழித்தவன் நான்.
3. தகர டப்பாக்களில் நான் செய்துபார்த்த சோதனைகளில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது.
4. ராக்காயியின் பெயரை வெட்டிய அன்று நான் வாய் திறந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.
5. கட்டுரையில் நீ திருத்த வேண்டியவை.

ராக்காயி யார் என்று நீ கேட்பாய். அந்தப் பெயரை நம் வீட்டில் நீ கேட்டிருக்க முடியாது. நீ கேட்கும்படி நான் சொன்னதில்லை, உன் அம்மாவையும் சொல்ல விட்டதில்லை.

உன் கட்டுரையை நான்கு தடவை படித்தேன். என் டப்பாவிலிருந்து நீ எடுத்துச் சென்ற மண்ணில் ஒரு துளியைக் கடற்பாசிக் கூழ் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்தாய். ஓரத்தில் அழுகிய நாற்றிலிருந்து எடுத்த பூஞ்சணத்தை வைத்தாய். ஐந்தாம் நாள் பூஞ்சணம் தட்டெங்கும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது, ஆனால் மண்ணிலிருந்து வளர்ந்த பாக்டீரியாவை நெருங்காமல் நின்றுவிட்டது, நடுவே ஒரு வெற்று வளையம் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. இருபது வருஷமாக நான் பாத்தியிலும் டப்பாவிலும் மட்டும் பார்த்ததை நீ தட்டில் பார்த்துவிட்டாய். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். “இந்த முறையைத் தோட்டத்துக் கிளாக்கராக இருந்த என் தந்தையார் தம் கூர்மையான கவனிப்பால் கண்டறிந்தார்” என்று இருந்தது. அதற்கு மேல் அன்று படிக்க முடியவில்லை.

நீ பிறப்பதற்கு முன்பு நான் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிளாக்கராகச் சேர்ந்தேன். பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷும், கோணாத கையெழுத்தும்தான் என் மூலதனம். புதிதாகக் காடு வெட்டிய மலையில் தேயிலை நடுவதற்காக ஆற்றோரம் பெரிய நாற்றுமேடை போட்டிருந்தார்கள். வாரம் ஒருமுறை போய் எத்தனை கன்று நிற்கிறது, எத்தனை விழுந்தது என்று எழுதி வருவது என் வேலைகளில் ஒன்று. மேடையைப் பார்த்துக்கொண்டவள் ராக்காயி. அவளுக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவன் இல்லை, ஒரே மகள். கொழுந்து கிள்ளுவதில் மற்றவர்களைவிட மெதுவாக இருக்கிறாள் என்று மேடைக்கு அனுப்பப்பட்டவள். விதையைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதை அள்ளி எறிவது, மூழ்கியதை ஈரமணலில் போட்டு வெடிக்கவைப்பது, வெடித்ததைக் கண் பார்த்துப் பாத்தியில் ஊன்றுவது எல்லாம் அவள் கைப்பட நடக்கும். அவள் மேடையில் கன்று விழுவது குறைவு. அதை நான் எழுதினேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஒருநாள் அவள் ஒரு பழைய பானையிலிருந்து ஈரமண்ணை எடுத்து, ஒரு சாணுக்கு ஒரு சிட்டிகையாகப் புதுப் பாத்தியில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்து, என்ன அது என்று கேட்டேன்.

“ஒறைமண்ணுங்க ஐயா.”

“ஒறைமண்ணா? அப்படின்னா?”

“பாலுக்கு ஒறை ஊத்துறோம்ல, அது மாதிரி மண்ணுக்கு. போன வருசம் நல்லா நின்ன மேடையில அள்ளுனது. புது மண்ணுல வெறுமனே வெதையப் போட்டா, மழை புடிச்சதும் கழுத்தழுகிப் படுத்துக்கும். இதைப் போட்டா நிக்கும்.”

“யாரு சொன்னா?”

“நின்ன கன்னு சொல்லுச்சு.”

பக்கத்தில் வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள். நான் விடாமல், பானைக்குள் என்ன ஊற்றுகிறாய் என்று கேட்டேன்.

“கஞ்சித்தண்ணி. ஐயா வூட்டுல மிச்சம் இருந்தாக் குடுத்தனுப்புங்க. கிளாக்கர் ஐயா கன்னுன்னு தனியா ஒரு வரிசை விடுறேன்.”

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வயதில் எனக்குக் கூச்சமும் படித்தவன் என்ற எண்ணமும் சம அளவில் இருந்தன. ஆபீசுக்குத் திரும்பி, “மேடையில் அழுக்கு மண் கலக்கிறார்கள்” என்று என் குறிப்பில் எழுதினேன். அழுக்கு என்ற சொல்லை நான்தான் முதலில் எழுதினேன் என்பதைக் கவனித்துக்கொள்.

இனி இரண்டாவது குறிப்பு. எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை படித்துவிட்டு எறியும் விவசாயப் பத்திரிகைகளை நான் வீட்டுக்கு எடுத்து வருவது வழக்கம். அதில் ஒன்றில், நாற்றுகளை அழிக்கும் நோய்க்குக் காரணம் மண்ணிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் என்றும், கண்ணாடி வீடுகளில் செடி வளர்ப்பவர்கள் மண்ணைச் சூடாக்கி அவற்றைக் கொல்கிறார்கள் என்றும் படித்தேன். எனக்கு ஒரே பரவசம். கிருமி என்றாலே தீயது, தீயதைத் தீயில் போட்டால் போயிற்று என்று எனக்குப் பட்டது. எல்லாக் கிருமியும் ஒன்றல்ல, நமக்கு வேண்டியவையும் அதே மண்ணில் குடியிருக்கின்றன என்ற எண்ணம் வரவேயில்லை. வந்திருக்க வேண்டும். தயிர் சாப்பிடுகிற வீட்டில் பிறந்தவன் நான். அவள் அதையே உதாரணமாகச் சொல்லியும் கேட்டுவிட்டு வந்தவன்.

முப்பது வருஷ உத்தியோகத்தில் நானாக ஒரு யோசனையைத் துரையிடம் சொன்னது அந்த ஒருமுறைதான். பத்திரிகையைக் காட்டி, மேடை மண்ணைத் தகரத்தில் பரப்பி அடியில் தீ மூட்டி வறுத்துவிட்டால் கழுத்தழுகலே வராது என்றேன். துரை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நல்லது, செய்து பார்ப்போம். நீயே கவனித்துக்கொள்” என்றார். அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் இதை மூன்று தடவை சொன்னேனாம்.

மண் வறுத்த நாட்களில் ஆற்றோரமெல்லாம் புகை. ராக்காயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“காப்பி போயி தேயிலை வந்துச்சு. இப்ப என்னங்க, மண்ணை வறுத்துக் குடிக்கப் போறாரா தொர?”

“கிருமி சாகணும், அதுக்குத்தான்.”

“சாகும். அது கூட இருக்கிறதும் சாகும். செத்த மண்ணுல யாருங்க காவல் நிப்பா?”

“பானையை எடுத்துட்டு வராதே. இனிமே ஒறைமண் வேண்டாம். தொர உத்தரவு.”

“தொர உத்தரவா, ஐயா உத்தரவா?”

நான் அடுத்த தகரத்தைப் பார்க்கப் போனேன்.

முதல் இரண்டு மாதம் என் யோசனை வென்றது. வறுத்த மண்ணில் கன்றுகள் கரும்பச்சையாக, பழைய மேடைகளைவிட ஒரு விரற்கடை உயரமாக எழுந்தன. துரை தம் நண்பர்களைக் கூட்டி வந்து காட்டினார். நான் பின்னால் நின்றேன். அதற்கு ஒரு காரணம் உண்டு என்று இப்போது நீ எனக்கு விளக்கலாம். சூட்டில் மண்ணின் சத்து அவிழ்ந்து கன்றுக்கு எளிதாகக் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். சரியா என்று எழுது. ஐப்பசி மழை பிடித்தது. நிழலுக்காகப் பந்தலில் போட்டிருந்த காட்டுத் தழையிலிருந்து இரவும் பகலும் சொட்டியது. தழையோடு வந்ததோ, ஆற்றுத் தண்ணீரோடு வந்ததோ, ஒரு மூலையில் நான்கைந்து கன்றுகள் கழுத்து பழுத்துச் சாய்ந்தன. மறுநாள் அந்த இடம் ஒரு தட்டளவு வட்டமானது. அடுத்த வாரம் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. சாதாரண மண்ணில் மெதுவாகப் போகும் நோய், எதிர்ப்பதற்கு ஒருவரும் இல்லாத மண்ணில் ஓடியது. மேடை மேடையாக வெள்ளை நூல் படர்ந்து கிடந்ததை எண்ணி எழுதப் போய், எண்ண ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தேன்.

கடைசி இரண்டு மேடைகள் மட்டும் நின்றன. அதே வறுத்த மண், அதே விதை, அதே பந்தல். நான் இரண்டையும் மூன்று நாள் தொடர்ந்து எண்ணினேன். மூன்றாம் நாள் மத்தியானம் ராக்காயி அங்கே களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“ராக்காயி, இதுல ஒறைமண் போட்டியா?”

“இல்லீங்க.” ஒரு களையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “கையிலேர்ந்து தவறி விழுந்துருச்சுங்க” என்றாள்.

“ரெண்டு மேடை முழுக்கவா?”

“கை ரொம்ப நடுங்குதுங்க ஐயா. வயசாகுதுல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மூன்று வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான். அவள் எழுந்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “எழுதிக்கிட்டீங்களா?” என்றாள்.

“எழுதிட்டேன்.”

“என்னான்னு?”

“இந்த ரெண்டு மேடையும் நிக்குதுன்னு.”

“அது போதும். நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்க சொல்லணும். எம் பேச்சு எடுபடாது.”

“சொல்றேன்” என்றேன். இந்தச் சொல்லை நான் கொடுத்தேன் என்பதை இதுவரை எழுத்தில் வைத்ததில்லை.

மூன்றாவது குறிப்பை இங்கே இடையில் சொல்லிவிடுகிறேன். நான்காவதைத் தள்ளிப்போடுகிறேன் என்று உனக்குத் தோன்றினால் அது உண்மைதான். நீ பார்த்து வளர்ந்த அந்த பிஸ்கட் டப்பாக்கள் உன் அம்மாவின் பூச்செடிகளுக்காக வைத்தவை அல்ல. நீ சின்னவனாக இருந்து கேட்டபோதெல்லாம் அப்படிச் சொன்னது பொய்; நீ மண்ணோடு எடுத்துச் சென்ற என் நோட்டுப் புத்தகங்களில் அதைப் பார்த்திருப்பாய். துரையின் உத்தரவில் ராக்காயியின் பானையை உடைக்கும் முன்பு அதிலிருந்து இரண்டு கை மண்ணை ஒருவருக்கும் தெரியாமல் அள்ளி வந்தேன். வீட்டில் வேறொரு பானையில் போட்டு, கஞ்சித்தண்ணீர் விட்டு உயிரோடு வைத்தேன். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் சில டப்பாக்களில் சும்மா மண், சிலவற்றில் வறுத்த மண், சிலவற்றில் வறுத்த மண்ணோடு உறைமண், சிலவற்றில் வறுத்த மண்ணோடு வறுத்த உறைமண் என்று வைத்துக் கன்று வளர்த்தேன். கடைசி வகைதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. உறைமண்ணையும் வறுத்துவிட்டால் அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே காப்பாற்றுவது மண்ணின் சத்தோ சாம்பலோ அல்ல, அதிலிருக்கும் உயிர். இவ்வளவு தூரம் நீ நம்பலாம்.

ஆனால் உன் கட்டுரையில் இருக்கும் உறுதி என் நோட்டுப் புத்தகங்களில் இல்லை. மழை குறைந்த வருஷங்களில் எல்லா டப்பாவும் ஒன்றுபோலவே நின்றன. அந்த வருஷங்களை நீ விட்டுவிட்டாய். பானை புளித்து நாற்றமெடுத்த ஒரு வருஷம் உறைமண் போட்ட கன்றுகளே முதலில் விழுந்தன, அதையும் விட்டுவிட்டாய். வளர்ந்த தேயிலைச் செடியின் வேரழுகலுக்கு இதைப் போட்டுப் பார்த்தேன், ஒரு குணமும் தெரியவில்லை. காட்டுமரத்தின் அழுகிய கட்டையிலிருந்து வரும் அந்த நோய்க்குக் கட்டையைத் தோண்டி எடுப்பதுதான் வழி. உறைமண் குழந்தைக் கன்றுகளின் காவல், அவ்வளவுதான். எல்லா நோய்க்கும் மருந்து என்று எவனாவது விற்க வந்தால் அவனுக்கு உன் கட்டுரை துணைபோகக்கூடாது. நான் ஒரு பத்திரிகையின் அரைப்பக்கத்தை நம்பிச் செய்ததை இன்னொருவர் உன் அரைப்பக்கத்தை நம்பிச் செய்ய விடாதே.

இனி நான்காவது.

கார்த்திகையில் ஒரு காலை, ஆள்கணக்கு எடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எல்லோரும் வந்து நின்றபோது, துரை நேராக நாற்றுமேடையிலிருந்து ஏறி வந்தார். கையில் ராக்காயியின் பானை. பந்தலுக்குப் பின்னால் தழைக்கு அடியில் அவரே கண்டெடுத்திருந்தார். தொப்பியெல்லாம் ஈரம். பானையை அவள் காலடியில் வைத்தார்.

“இது என்ன? ஒன்னோட பானையா?”

“ஆமாங்க தொர.”

“இந்த அழுக்கை மேடையில போட்டியா?”

“போட்டேங்க. போட்ட எடம் நிக்குது தொர, போடாத எடம் விழுந்துருச்சு. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. கிளாக்கர் ஐயா எண்ணி எழுதி வச்சிருக்காரு, கேளுங்க.”

பெரட்டு முழுவதும் என் பக்கம் திரும்பியது. துரையும் திரும்பி, இங்கிலீஷில், “இவள் கலந்தது உண்மையா?” என்று கேட்டார். “உண்மை, சார்” என்றேன், இங்கிலீஷில். அதோடு நிறுத்திக்கொண்டேன். நான் என்ன சொன்னேன் என்பது அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை. ராக்காயி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்காகப் பேசிவிட்டேன் என்றுதான் நினைத்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஏதோ நன்றிபோலத் தலையை ஆட்டினாள். அந்தத் தலையசைப்பை நான் மறக்க முயன்றிருக்கிறேன்.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவள் போட்டதால்தான் இரண்டு மேடை மிஞ்சியது என்று மட்டும் சொல்ல முடியாது. மற்றவை ஏன் விழுந்தன என்ற கேள்வி உடனே வரும். அதற்குப் பதில் நான்தான். உத்தியோகம் போய்விடும் என்று பயந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுகூட முழு உண்மை அல்ல. நான் ஒரே ஒரு யோசனை சொன்னேன், அது தவறு என்று நாலு பேர் முன்னால் ஆகிவிடக்கூடாது என்று பயந்தேன்.

பெரட்டு கலைந்து, துரை ஆபீசுக்கு வந்து, வேலையாட்களின் பதிவேட்டிலிருந்து அவள் பெயரையும் மகள் பெயரையும் வெட்டச் சொன்னார். என் கையால், என் பேனாவால், இரண்டு பெயர்களின் மேலும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். பெயர் வெட்டுப்பட்டால் தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் இடமில்லை. மகள் பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. அன்று மத்தியானத்துக்குள் அறையைக் காலி செய்துகொண்டு மழையில் பசறைச் சாலையில் இறங்கினார்கள். நான் ஆபீசுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டு வாசல் வழியாகப் போனபோது உன் அம்மா ஒரு கம்பளியும் கொஞ்சம் அரிசியும் கொடுத்தாளாம். ராக்காயி கம்பளியைப் பிள்ளைக்குச் சுற்றிவிட்டு, “ஐயாவ ஒன்னும் சொல்லாதீங்கம்மா. அவரு பயந்த மனுசன்” என்றாளாம். பெரட்டில் நடந்தது என்ன என்பது அதற்குள் அவளுக்குப் புரிந்திருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் பசறைச் சந்தையில் விசாரித்தேன். பெரகல பக்கம் ஏதோ தோட்டத்தில் சேர்ந்துவிட்டதாக ஒருவர் சொன்னார். அது உண்மையா, பிள்ளை பிழைத்ததா என்று போய்ப் பார்க்கவில்லை. பெரகல ஒன்றும் கடல் தாண்டி இல்லை. போய்வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளை நான் எடுக்கவில்லை.

துரை பிடிவாதக்காரர், ஒரு கூலிக்காரியின் பானையை நம்பித் தம் முடிவை மாற்றக்கூடியவர் அல்ல, நான் பேசியிருந்தால் அவள் பெயரோடு என் பெயரும் போயிருக்கும், அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. நான்காவது குறிப்பின் பொருள் அதுதான். இருபது வருஷமாக இதை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

இதே தவறை உன் விஷயத்திலும் செய்தேன். பள்ளிக்கூடத்தில் சுவரில் மாட்டிய தேசப்படத்தை நீ கிழித்ததாக வாத்தியார் எழுதி அனுப்பியபோது, நீ கிழிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. இருந்தும், “மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடு, பெரிசுபடுத்தாதே” என்றேன். நீ போய்க் கேட்டாய். திரும்பி வந்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உன் அம்மா அப்போது, “ஒங்களுக்கு வாய் பேனாவுலதான் இருக்கு, அதையும் மூடியே வச்சிருக்கீங்க” என்றாள். உனக்கு அடக்கம் கற்றுக்கொடுக்கிறேன் என்று நினைத்தேன். நான் பேசாமலிருந்ததைச் சரியாக்க, நீயும் பேசாதவனாக இருக்க வேண்டியிருந்தது. இதற்காக உன்னிடம் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். பண்டாரவளையில் உன்னை ரயிலேற்றிய அன்றே கேட்டிருக்க வேண்டும். வண்டி நகரும்வரை உன் பெட்டியின் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

ஐந்தாவது, நீ திருத்த வேண்டியவை. என் பெயர் இருக்கும் இடத்தில் ராக்காயி என்று எழுது. அவள் ஊர் எனக்குத் தெரியாது. திருச்சிப் பக்கம் என்று நினைக்கிறேன், நிச்சயமில்லாததால் அதை விட்டுவிடு. நாற்றுமேடை வேலைக்காரி என்று எழுது. முறைக்கு அவள் வைத்த பெயரையே வை. பாலுக்கு உறை என்று அவள் சொன்னதையும் சேர்த்துக்கொள், அதைவிட நல்ல விளக்கம் உன் கட்டுரையில் இல்லை. மண்ணை வறுக்கச் சொன்னது கிளாக்கர் என்று எழுது, பெயரும் போடலாம். மழையில்லாத வருஷங்களையும் புளித்த பானையையும் சேர். உன் ஆராய்ச்சிக்கூடத்து மேலதிகாரி, கூலிக்காரி பெயரெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, உனக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை என்ற இடத்தில் வந்து நின்றேன். இந்தக் கடிதத்தை வேண்டுமானால் அவரிடமே காட்டு. யாரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடிதத்தை இங்கேதான் முடித்திருந்தேன். உறையில் போடும் முன்பு உன் அம்மா, ஒன்பது நாளாக அப்படி என்னதான் எழுதுகிறீர்கள், படியுங்கள் என்றாள். படித்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கம்பளி இடத்தில் மட்டும் கை நின்றது. முடிந்ததும்,

“நாலாவது தப்புங்க” என்றாள்.

“என்ன தப்பு?”

“நீங்க பேசியிருந்தாலும் ஒன்னும் ஆகியிருக்காதுன்னு எழுதியிருக்கீங்கல்ல. தொரதான் கேட்டாரே.”

“பெரட்டுல கேட்டாரு. பதில் சொன்னேன்.”

“பெரட்டுல இல்ல. ஆபீசுல. அன்னைக்கு வந்து சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே நீங்கதான் சொன்னீங்க. பேர வெட்டுறதுக்கு முன்னாடி அவரு பேனாவக் கீழ வச்சுட்டு, ‘அந்த ரெண்டு மேடை மட்டும் ஏன் நிக்குது’ன்னு கேட்டாருன்னு. நீங்க தெரியாதுன்னீங்களாம். திருப்பியும் கேட்டாராம், ‘நல்லா யோசிச்சுச் சொல்லு’ன்னு. நீங்க திருப்பியும் தெரியாதுன்னீங்களாம்.”

“நான் அப்படிச் சொன்னேனா ஒன்கிட்ட?”

“சொல்லிட்டு, சாப்புடாமக் கையக் கழுவுனீங்க. நான் எதுக்குங்க பொய் சொல்லப் போறேன்?”

எனக்கு நினைவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்தபோதே நினைவு வந்துவிட்டது. துரை மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தார், நாற்காலியில் அல்ல. குரலில் கோபம் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தோற்றுப்போன மேடைகளைவிட நின்ற மேடைகள்தான் அவரைத் தொந்தரவு செய்தன என்று இப்போது நினைக்கிறேன். அவர் காத்திருந்த நேரத்தில் ஒருவன் முழுதாக ஐந்தாறு வாக்கியம் பேசியிருக்கலாம். என் நோட்டுப் புத்தகம் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

நான்காவது குறிப்பு தவறு. அதை மேலே அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், இருபது வருஷமாக நான் எதை நம்பினேன் என்பது உனக்குத் தெரியட்டும் என்று. துரை பிடிவாதக்காரர் என்று எழுதியதும் தவறு. அவர் கேட்டார், இரண்டு முறை கேட்டார். எனக்குத் தெரியும். தெரியாது என்றேன்.

அப்பா